ஆளுக்கொரு செடி

கிரிவலப் பாதையில் காலை நடை போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. அண்ணாமலையாரை நினைத்து நடப்பவர்கள், சர்க்கரையை நினைத்து நடப்பவர்கள். நான் இரண்டாவது வகை. போன மாதம் அப்படி நடந்துகொண்டிருந்தபோது ஒரு வேன் வந்து நின்றது. தலையில் தொப்பியும் கழுத்தில் தண்ணீர் பாட்டிலுமாகப் பள்ளிப் பிள்ளைகள் இறங்கினார்கள். செடிகளைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார்களாம். ஒரு பையன் ஓரத்தில் முளைத்திருந்த செடிக்கு முன்னால் செல்போனை நீட்டினான். போன் பெயரைச் சொல்லிவிட்டது. அவன் அடுத்த செடிக்குப் போய்விட்டான். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. போன் சொன்ன பெயர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதே பாதையில் எங்களுக்கு ஒரு செடியின் பெயர் முடிவாவதற்கு நாலு தெருவின் வாக்குவாதமும் ஒரு தலைமையாசிரியையும் கல்வித்துறை அலுவலர் ஒருவரும் தேவைப்பட்டார்கள்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் அறிவியல் டீச்சர் என் சித்தி. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சென்னை பெரம்பூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேதியியல் படித்தவள். எங்கள் பெண்கள் பள்ளியில் பழைய டீச்சர் விட்டுப்போன இடத்தில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தாள். வீட்டில் அவள் சித்தி, பள்ளி வாசலைத் தாண்டினால் டீச்சர். இந்த விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. வீட்டிலிருந்து பள்ளிவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். வாசலில் கையை விட்டுவிட்டு, "வணக்கம் டீச்சர்" என்பேன். அவளும் அப்போதுதான் என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோலத் தலையசைப்பாள்.

தாத்தாவுக்குத் தேரடி வீதியில் பாத்திரக்கடை. வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். சித்தி வேலைக்குப் போவதை அவர் தடுக்கவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

"வருஷக் கடைசிக்குள்ள பர்மனென்ட் ஆச்சுன்னா போகட்டும். இல்லன்னா வூட்டோட இருக்கட்டும். நிக்குமா நிக்காதான்னு தெரியாத உத்தியோகத்துக்கு தினம் இஸ்திரி போட்ட புடவை எதுக்கு?"

சித்தப்பா வேலூரில் வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் வந்துபோகிறவர். அவருக்கு எல்லா விஷயத்திலும் ஒரே கருத்து: "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்." ஆகவே சித்தி இஸ்திரி போட்ட புடவையில் தொடர்ந்து வெளியே போவாளா, சமையலறைப் புகையில் நிற்பாளா என்பது அந்த வருஷம் ஆய்வுக்கு வரும் அலுவலர் கையில் இருந்தது. அவர் வகுப்பைப் பார்த்துத் 'திருப்தி' என்று எழுதினால் நிர்வாகம் நிரந்தர ஆணை தரும். எழுதாவிட்டால் தராது. எளிமையான நடைமுறை. எளிமையான நடைமுறைகள்தான் ஆளை அதிகமாகப் படுத்தும் என்பதைப் பிற்பாடு அரசாங்க வேலையில் நான் மேஜையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் பார்த்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவிகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துப்போய்ச் சுற்றுப்புறத்துச் செடிகளை அடையாளம் காணப் பழக்க வேண்டும். ஆய்வின்போது அந்த வகுப்பையே அலுவலர் நேரில் பார்ப்பார்.

சித்திக்குத் தெரிந்த தாவரங்கள் மூன்று: கறிவேப்பிலை, கொத்தமல்லி, வாழை. மற்றவையெல்லாம் அவளுக்குச் செடி. ரொம்பப் பெரிதாக இருந்தால் மரம். சோடியம் என்றால் அதன் குணம், நடத்தை, அது யாரோடு சேரும், யாரோடு சேராது என்று குடும்ப விவரமெல்லாம் சொல்லுவாள். எருக்கஞ்செடியைக் காட்டினால், "அழகா இருக்கு இல்ல?" என்பாள்.

முதல் நாள் எங்களை இரண்டு வரிசையாக நடத்திக் கொண்டுபோனாள். செங்கம் சாலையில் நடந்து, கிரிவலப் பாதைக்குத் திரும்பி, புளியமரங்கள் வரிசையாக நிற்கும் ஓர் இடத்தில் நிறுத்தினாள். ஐப்பசி மழை பெய்து முடிந்திருந்தது. சாலையின் இரண்டு ஓரமும் இடுப்பளவு பச்சை. அது கணக்குப் பாடவேளை வேறு. கணக்கு டீச்சரிடமிருந்து தப்பித்து மலையடிவாரத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கிறோம் என்பதை எங்களால் நம்பவே முடியவில்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே அழைத்துப்போகப்பட்ட பெண்கள் நாங்கள். ஒருத்தி காரணமே இல்லாமல் ஓடினாள். அவளைப் பிடிக்க மற்றவர்கள் ஓடினார்கள். பிடித்த பிறகு எதற்குப் பிடித்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

சித்தி ஒரு செடியைக் காட்டினாள். "இது என்ன செடி?"

டீச்சர் கேள்வி கேட்டால் விடை தெரிந்துதான் கேட்பார் என்பது எங்கள் வகுப்பின் நம்பிக்கை. எனக்கு மட்டும் உண்மை தெரியும். முந்தின நாள் வீட்டில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இதுல எல்லா இலையும் ஒரே மாதிரி வரஞ்சிருக்கான்டி" என்று அவள் புலம்பியதை நான் கேட்டிருந்தேன்.

"தும்பை டீச்சர்!" என்றாள் ஒருத்தி. "இல்ல, அது பேய்மிரட்டி!" என்றாள் இன்னொருத்தி.

சித்தி இரண்டு பேரையும் பார்த்து ஒரே மாதிரி சிரித்தாள். "நாளைக்கு வீட்ல கேட்டுட்டு வாங்க. எது சரின்னு நான் சொல்றேன்."

கேட்டுக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு செடிக்கும் தெருவுக்கு ஒரு பெயர் வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் ஒன்று சொன்னாள், மணலூர்பேட்டை ரோட்டில் இருப்பவள் ஒன்று சொன்னாள். இரண்டு பேருடைய அப்பாக்களும் விவசாயம் செய்கிறவர்கள் என்பதால் யாருடைய சொல்லையும் தள்ள முடியவில்லை. விவகாரம் தலைமையாசிரியையிடம் போயிற்று. அவரைப் பெரிய டீச்சர் என்போம். எந்தச் சிக்கலையும் மணி அடிப்பதற்குள் முடித்துவிடுகிறவர்.

"எந்தப் பேருக்குக் கை ஜாஸ்தியோ அதுதான் பேரு. தூக்குங்கடி கையை."

ஒரு செடிக்குப் பெரும்பான்மை முறையில் பெயர் முடிவானதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தும்பை அமோக வெற்றி பெற்றது. பேய்மிரட்டிக்குக் கை தூக்கியவள் மறுவாரம் இரண்டு செடிகளையும் பக்கத்துப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, இரண்டும் வேறு வேறு என்று நிரூபித்தாள். சித்தி அவளைக் கட்டிக்கொள்ளாத குறை.

ஆய்வு நாள் நெருங்கியதும் பெரிய டீச்சர் சித்தியைக் கூப்பிட்டார். நான் வராந்தாவில் சாக்பீஸ் டப்பாவோடு நின்றிருந்தேன்.

"எல்லாருக்கும் எல்லாச் செடியும் சொல்லித்தர்றியாமே. எதுக்கும்மா? வர்றவரு ஒருத்தியை ஒண்ணுதான் கேப்பாரு. அந்த ஒண்ணு அவளுக்குத் தெரிஞ்சா போதும். ரோல் நம்பர்படி ஆளுக்கு ஒரு செடி குடு. அவங்கவங்க செடிகிட்ட அவங்கவங்க நிக்கட்டும். அவரு நடந்து வரட்டும்."

"மேடம், அது கொஞ்சம்..."

"உனக்கு ஆர்டர் வேணுமா, வேணாமா?"

சித்திக்கு ஆர்டர் வேண்டும். பிற்காலத்தில் எத்தனையோ ஆய்வுகளுக்கு நான் ஏற்பாடு செய்திருக்கிறேன்; இதைவிடச் சிறந்த கோட்பாட்டை இதுவரை எந்தத் துறையும் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாளே பங்கீடு நடந்தது. பாதையோரத்தில் முதல் செடி முதல் எண்காரிக்கு, அடுத்தது அடுத்தவளுக்கு. எனக்குக் கீழாநெல்லி. ஒவ்வொருத்திக்கும் நாலு வாக்கியம்: பெயர், இலை, பூ, உபயோகம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், "இது கீழாநெல்லி. இதன் காய்கள் இலைகளுக்கு அடியில் வரிசையாக இருக்கும்" என்பேன். கொஞ்ச நாளில் எங்கள் சொந்தப் பெயர்கள் மறந்துபோயின. "ஏ நாயுருவி, பென்சில் குடுடி." "ஊமத்தை இன்னிக்கு லீவு டீச்சர், ஜுரம்." ஆவாரை தன் நிறத்துக்கு ஏற்றாற்போல் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள். தொட்டாற்சிணுங்கி கிடைத்தவளை எல்லாரும் போகும்போதும் வரும்போதும் தொட்டுவிட்டுப் போனோம்.

என் பக்கத்து இருக்கைக்காரிக்குக் குப்பைமேனி வந்தது. அவள் அன்று முழுக்க அழுதாள். மறுநாள் அவளுடைய அம்மா பால் கேனோடு பள்ளிக்கு வந்துவிட்டார்.

"இன்னாங்க டீச்சர் இது? எம் பொண்ணுக்குப் போய் குப்பைமேனி குடுத்திருக்கீங்களே. ஒரு தாமரை, மல்லி குடுத்தா இன்னா கொறஞ்சா பூடுவீங்க? நாளைக்கு பொண்ணு கேட்டு வரவன் காதுல வுழுந்தா?"

சித்தி திணறிப்போனாள். "தாமரை ரோட்டோரத்துல இல்லீங்களே."

"அப்ப கொளத்தாண்ட கூட்டினு போங்க!"

குப்பைமேனியின் மானத்தைக் காப்பாற்றியது ஒரு பூனை. செடியை வேரோடு பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் கோபத்தில் வீசியிருக்கிறாள். அவர்கள் வீட்டுப் பூனை அந்த வேரைக் கவ்விக்கொண்டு, கடித்து, அதன்மேல் புரண்டு, கண்ணை மூடிச் சொக்கிக் கிடந்ததாம். மறுநாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததே வேறு மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் பாதி வகுப்பு அவர்கள் வீட்டு வாசலில் கூடி, அந்தப் பூனை புரளுவதைப் பார்த்தது. எந்தச் செடிக்கு இப்படி ஓர் அடிமை உண்டு? அதன் பிறகு அவள் யாருக்கும் பயப்படவில்லை. தன் செடி போதாதென்று எல்லார் செடியையும் மோந்து, கடித்து, கசக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். "ஒங்கீழாநெல்லி கசக்குதுடி" என்று என் செடியைப் பற்றி எனக்கே சேதி சொன்னாள்.

ஆய்வுத் தேதி வந்தது. கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம். எல்லாத் துறைகளின் ஆய்வும் திருவண்ணாமலைக்கு மட்டும் ஏனோ கார்த்திகையில்தான் வரும். ஆய்வு செய்கிறவருக்குக் கூடவே மனைவி, மாமனார், மாமியார், குழந்தைகள் எல்லாரும் வருவார்கள். அரசாங்கம் ஆய்வுக்குப் பயணப்படி தரும். அண்ணாமலையார் தரிசனம் தருவார். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் தீபத்துக்கு முந்தைய வாரத்தில் இந்த ஊரில் இன்னொன்றும் நடக்கும். லட்சக்கணக்கான ஜனம் நடக்கப்போகிற பாதை என்பதால், ஆட்கள் மண்வெட்டியும் அரிவாளுமாக வந்து இரண்டு ஓரத்தையும் புல் பூண்டு இல்லாமல் செதுக்கிவிடுவார்கள். வருஷா வருஷம் நடப்பது. ஊரில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பெரிய டீச்சருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், எங்களைப் பெற்றவர்களுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யார் யாருக்குச் சொல்வது? ஆகவே யாரும் சொல்லவில்லை. தெரியாத ஒரே ஆள், பெரம்பூரிலிருந்து வந்த சித்தி.

அன்று காலை எண்ணெய் தேய்த்து இழுத்துப் பின்னிய ஜடைகளோடு வரிசையாகப் போனோம். முன்னால் ஆய்வு அலுவலர், அவர் பக்கத்தில் பெரிய டீச்சர், பின்னால் சித்தி. கிரிவலப் பாதைக்குத் திரும்பினோம்.

பாதையோரம் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைபோல் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்மண்தான். வெட்டிய செடிகொடிகள் அங்கங்கே புளியமரத்தடியில் குவியல் குவியலாகக் கிடந்தன.

சித்தி நின்றுவிட்டாள். பெரிய டீச்சரின் கைக்குட்டை மூக்குக்குப் போய் அங்கேயே நின்றது.

நாங்களாவது நின்றிருக்கலாம். ஆனால் எங்களை அப்படிப் பழக்கவில்லை. இடம் வந்ததும் ரோல் நம்பர்படி பிரிந்து அவரவர் இடத்தில் போய் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. செடி இருந்தால்தான் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே போய் நின்றோம். வெறும் மண்ணுக்குப் பக்கத்தில், சம இடைவெளி விட்டு, கையைக் கட்டிக்கொண்டு.

அலுவலர் முதல் பெண்ணிடம் வந்தார். அவள் குனிந்து மண்ணைச் சுட்டிக்காட்டினாள். "இது தும்பை. இதன் தண்டு சதுரமாக இருக்கும். பூ வெள்ளையாக இருக்கும்."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மண்ணைப் பார்த்தார். அடுத்தவளிடம் போனார்.

"இது துத்தி. இதன் இலை இதய வடிவத்தில் இருக்கும்."

"எங்கம்மா இருக்கு?"

"இங்கதான் சார் இருந்துச்சு. முந்தாநேத்துகூட இருந்துச்சு."

மூன்றாமவள் அவர் கேட்பதற்குள்ளேயே அழ ஆரம்பித்தாள். பெரிய டீச்சர், "மழை ஜாஸ்தி சார் இந்த வருஷம்" என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொன்னார். நான் சித்தியைப் பார்த்தேன். தாத்தாவின் இஸ்திரிப் புடவை வசனம் அவள் காதில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். என் காதில் ஓடியது.

சித்தி திடீரென்று இரண்டு கையையும் தட்டினாள். வகுப்பில் எங்களை அடக்குவதற்குத் தட்டுவாள். அன்று அவிழ்த்துவிடத் தட்டினாள்.

"எல்லாரும் போய் அந்தக் குப்பையில அவங்கவங்க செடியைத் தேடி எடுத்துட்டு வாங்க. ஓடுங்க!"

ஓடினோம். அந்த ஐந்து பத்து நிமிஷத்தைப்போல ஒரு சந்தோஷத்தை எந்தப் பள்ளி ஆண்டு விழாவும் எனக்குத் தந்ததில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவியலுக்குள் இறங்கினோம். எல்லாம் கலந்து, வாடி, மண் அப்பி, பூ உதிர்ந்து கிடந்தது. ஆனால் அத்தனை நாளும் வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்றவள் ஒப்பித்ததையெல்லாம் எங்கள் காது வாங்கி வைத்திருந்தது எங்களுக்கே தெரியாது. தன் செடியைத் தேடுகிறவள் கையில் அடுத்தவள் செடிதான் முதலில் வந்தது.

"ஏ நொச்சி, உன்னுது இங்க கெடக்குடி, வாசனை வருது!"

"பால் வடியுது பாரு, இது அம்மான் பச்சரிசி. யாருடி அம்மான் பச்சரிசி? புடி!"

"இது நாயுருவி. ஐயோ, பாவாடையெல்லாம் ஒட்டிக்கிச்சு!"

"துத்தி இல்லடி இது, துத்தி இலை மெத்து மெத்துனு இருக்கும். தொட்டுப் பாரு!"

செடிகள் தலைக்கு மேல் பறந்தன. குப்பைமேனி ஒரு குவியலின் உச்சியில் நின்றுகொண்டு, ஏலம் விடுகிறவள்போல ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெயர் சொல்லி வீசிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தவளின் கையில் அவள் செடியைத் திணித்ததும் அழுகை நின்று சிரிப்பு வந்தது. ஆய்வு அலுவலர் முதலில் பத்தடி தள்ளி நின்றார். பிறகு ஐந்தடி. பிறகு செருப்பைக்கூடப் பார்க்காமல் குவியலுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். அவரும் ஒரு காலத்தில் எட்டாம் வகுப்பு படித்தவர்தானே.

"நானும் கிராமத்துக்காரன்தான்" என்றபடி அவரும் குனிந்து ஒன்றைப் பிடுங்கி எடுத்தார். மெல்லிய தண்டு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலைகள், வாடி மடங்கிக் கிடந்தன. "இதோ பாருங்க, கீழாநெல்லி. மஞ்சக்காமாலைக்கு இதுதான் மருந்து. யாருக்கு இந்தச் செடி?"

"ஆமாங்க சார், கீழாநெல்லியேதான்" என்றார் பெரிய டீச்சர், அவர் வாயை மூடுவதற்குள்.

கீழாநெல்லி நான்தான். என் கையில் என் செடி இருந்தது. இலைக்கு அடியில் கடுகுபோலக் காய்கள் வரிசையாக இருந்தன. அவர் கையிலிருந்ததில் காயும் இல்லை, அது கீழாநெல்லியும் இல்லை. சித்தி என்னைப் பார்த்தாள். பெரிய டீச்சர் என்னை வேறு மாதிரி பார்த்தார். நான் ஓர் அடி முன்னால் வந்து, என் செடியைத் தூக்கிக் காட்டி, "சார், இது கீழாநெல்லி" என்றேன். அவர் கையிலிருந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று, மேலதிகாரியை மறுக்கவும் இல்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் அலுவலகப் பதில் அதுதான்.

குப்பைமேனிக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது.

"சார், உங்க கையில இருக்கறது புளியங்கன்னு."

அலுவலர் அவள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொன்ன?"

"புளியங்கன்னு சார். மேல பாருங்க, புளியமரம். கொட்டை வுழுந்து மொளச்சிருக்கு. நம்பலன்னா மென்னு பாருங்க, புளிக்கும்."

"ஏய், வாயை மூடு! பெரியவங்க சொன்னா..." என்று பெரிய டீச்சர் ஆரம்பித்தார். அலுவலர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டுச் சித்தி பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்கதானே வகுப்பு டீச்சர். நீங்க சொல்லுங்க. இது என்ன?"

சித்தி அவர் கையிலிருந்த செடியைப் பார்த்தாள். குப்பைமேனியைப் பார்த்தாள். ஒரே வார்த்தையில் வேலை நிலைக்கும், அல்லது போகும். அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கையை நீட்டி அவரிடமிருந்து அந்தக் கன்றை வாங்கி, ஓர் இலைக்கொத்தை உருவி வாயில் போட்டு மென்றாள்.

எங்களுக்கு அதைப் பார்த்ததுமே பல் கூசியது. ஒருத்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். சித்தி முகத்தில் ஒன்றுமே இல்லை. இன்னொரு கொத்தை உருவினாள். அதையும் மென்றாள். பிறகு இன்னொன்று.

"புளிக்குதா?" என்றார் அலுவலர்.

வாய் நிறைய இலையோடு சித்தி தலையாட்டினாள். "நல்லா இருக்கு சார்."

அவர் மிச்சமிருந்ததில் ஓர் இலையைக் கிள்ளி, சுற்றுமுற்றும் பார்த்து, நாக்கில் வைத்தார். அவருடைய முகம் நாலாக மடிந்தது. எங்களால் அடக்க முடியவில்லை. ஒருத்தி களுக்கென்று சிரிக்க, எல்லாரும் வெடித்துவிட்டோம். அவரும் கண்ணில் தண்ணீரோடு சிரித்தார்.

"புளிதான். சுத்தமான புளி." குப்பைமேனியின் தலையில் தட்டினார். "யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?"

"பால்காரங்க வூட்டுப் பொண்ணு சார்."

"வகுப்புல என்ன மார்க் வாங்குவ?"

"கம்மிதான் சார்."

அதற்குள் ஆளாளுக்குப் புளியங்கன்று தேடிப் பிடுங்கி மெல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கிரிவலம் வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் நின்று, ஒரு பள்ளிக்கூடமே ரோட்டில் இலை தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, இது என்ன வேண்டுதல் என்று ஒருத்தியிடம் விசாரித்துவிட்டுப் போனது.

நான் பெரிய டீச்சரைக் கவனித்தேன். அவர் சிரிக்கவில்லை. குப்பைமேனியைத் திட்டவும் இல்லை. சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி அந்தக் கன்றை முழுவதும் உருவித் தின்றுவிட்டு, கீழே கிடந்த இன்னொன்றை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெரிய டீச்சர் போய் அவள் முழங்கையைப் பிடித்து, மரத்தடி மதகின்மேல் உட்காரவைத்தார். "வெயில்ல நிக்காத" என்றார். அந்த அம்மாள் யாரிடமும் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. பிறகு நேராக அலுவலரிடம் போய், "சார், திருப்தின்னு இன்னிக்கே எழுதிட்டீங்கன்னா எனக்கு சௌகரியமா இருக்கும். தீபம் முடிஞ்சு அனுப்பறேன்னு சொல்லிடாதீங்க" என்றார். அவரும் பின்னாலேயே வந்து நின்றிருந்த தன் ஜீப்பின் முகப்பில் வைத்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் சமையலறையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அலுவலரின் முகம் நாலாக மடிந்ததை நடித்துக் காட்டினேன். சித்தி முகம் சுளிக்காமல் ஒரு கன்றையே தின்றதையும், "நல்லா இருக்கு சார்" என்றதையும் சொன்னேன். சத்தியத்துக்காக எவ்வளவு புளிப்பையும் தாங்கிய வீராங்கனை என்ற தோரணையில் சொன்னேன். அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே எழுந்து சித்தியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் எனக்குக் கை நிறைய வெல்லம் கொடுத்தாள்.

"தாத்தாகிட்ட செடி கதை மட்டும் சொல்லு. சித்தி புளியங்கொழுந்து தின்ன கதைய ஆர்டர் கைக்கு வர வரைக்கும் சொல்லாத."

அலுவலரின் கௌரவத்தைக் காப்பாற்றத்தான் அம்மா அப்படிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வெல்லம் நன்றாக இருந்தது.

தீபம் முடிந்த மறுவாரமே ஆணை வந்தது. அப்படி ஒரு வேகத்தில் ஓர் ஆணை நகர்ந்து நான் என் பணிக்காலம் முழுவதும் பார்த்ததில்லை. தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ம்" என்றார். இஸ்திரிக்காரன் தொடர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தான்.

ஆனால் அதே நாளில் பெரிய டீச்சர் ஒரு காரியம் செய்தார். இனிமேல் சித்தி எங்களை வெளியே அழைத்துப்போகக் கூடாது. மலைப் பக்கம் நடக்கவே கூடாது. செடி வகுப்பைத் தானே எடுப்பதாகச் சொல்லிவிட்டார். எங்களுக்கு ரத்தம் கொதித்தது. ஜெயித்துக் கொடுத்த டீச்சருக்கு இதுதான் மரியாதையா? தான் கீழாநெல்லி என்று சொன்னதைச் சித்தி மென்று தின்று பொய்யாக்கிவிட்டாள் என்கிற வன்மம்தான் இது என்று குப்பைமேனி தீர்ப்பளித்தாள். வகுப்பே கைதூக்கி அதை ஏற்றது.

அன்றைக்கு இருந்த நடைமுறை எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. எங்கள் பள்ளியைப் போன்ற இடங்களில் தற்காலிகமாக இருக்கிறவர் கர்ப்பமானால் விடுப்பு கிடையாது. நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். நிரந்தரமானவர் என்றால் விடுப்பும் உண்டு, திரும்பி வர நாற்காலியும் உண்டு. சித்திக்கு அப்போது மூன்றாவது மாதம். வேலை போய்விடும் என்று பயந்து வீட்டில்கூட யாரிடமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். பிள்ளை பெற்ற பெண்மணியான பெரிய டீச்சர், புளிப்புக்குச் சுளிக்காத அந்த ஒரு முகத்தைப் பார்த்தே, நிர்வாகக் குழுவுக்கு விஷயம் தெரிவதற்குள் முந்திக்கொண்டார்.

இதெல்லாம் அந்த வயதில் எனக்கு எங்கே தெரிந்தது? எனக்குத் தெரிந்ததெல்லாம் அநியாயம் நடந்துவிட்டது என்பதுதான். குப்பைமேனியின் தலைமையில் வகுப்பு முழுவதும் கண்டனத்தில் இறங்கியது. வெளியே போகும்போதெல்லாம் பெரிய டீச்சரின் கண்ணெதிரிலேயே புளியங்கொழுந்தைப் பறித்து, கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்து, சித்தியின் மேஜையில் வைத்துவிட்டு விறைப்பாக நிற்போம். பெரிய டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு போய்விடுவார். அவருக்குக் குற்ற உணர்வு என்று நினைத்தோம். மாசக் கணக்கில் நாங்கள் விடாமல் போராடினோம். சித்தியும் ஓர் இலை விடாமல் எங்கள் போராட்டத்துக்கு ஆதரவு தந்தாள்.